மாலைக்கண் யாருக்கு?

ஆரியசாலையில ஒரு பிளவுஸ் துணிக்கடையில ட்யூப்லைட் மாத்தப் போயிருந்தேன். பழைய குண்டு ட்யூபக் கழட்டிட்டு ஒல்லி ட்யூப் போடணும். கரண்டும் மிச்சம், வெளிச்சமும் கூட.

அங்க துணி எடுத்துக் கொடுக்கிற செல்வி அக்கா, கருப்பு கேட்டா கருநீலத்தக் கொடுத்துரும். கண்ணு போச்சு, இந்த மாசத்தோட வேலைய விட்டுரணும்னு முதலாளி சொல்லிட்டாரு. நான் வேற சும்மா கிடக்காம, "எக்கா, மாலைக்கண்ணா?"ன்னு கேலி பண்ணிக்கிட்டே இருந்தேன்.

பாதிக் கடைக்குப் புது ட்யூப் போட்டாச்சு. பழைய ட்யூப் பக்கம் நின்ன அக்கா, "நீ நல்ல கண்ணுக்காரன்லா, இதுல கருப்ப எடு டே"ன்னுச்சு. ஜம்பமா ஒண்ண உருவிக் கொடுத்தேன். அக்கா அதப் புது ட்யூபுக்குக் கீழ கொண்டுபோய் விரிச்சுது. சுத்தக் கருநீலம்.

முதலாளியும் வந்து, கருப்புன்னு ஒண்ண எடுத்துப் புது ட்யூபுக்குக் கீழ பாத்தாரு. அதுவும் நீலம். மேல பழைய ட்யூபப் பாத்துட்டு, "லைட்டாணு குழப்பம். செல்வி, நீ எங்கயும் போகண்டா கேட்டோ"ன்னு மலையாளத்துல சொன்னாரு. லைட்டுதான் கோளாறு, வேலைய விட வேண்டாம்னு அர்த்தம்.

இப்ப அந்த வழியா போனா, "மாலைக்கண்ணா, சாயா குடிச்சியா?"ன்னு அக்கா கூப்பிடும். நானும் திரும்பிப் பாப்பேன். யாரையும் கேலி பண்ணுறதுக்கு முன்னால, அவங்க தலைக்கு மேல என்ன ட்யூப் எரியுதுன்னு ஒருதடவ பாத்துக்கிடுவேன். பாத்துட்டுத்தான் கேலி பண்ணுவேன்.