நான் கயிறு கட்டிய இலந்தை

பக்கத்து வீட்டு அக்காவின் இலந்தைப் பழத்தை ஒரு தை முழுக்கவும், மறு தையில் பாதி வரையும் நான் வாயில் வைக்கவில்லை. எனக்கு இலந்தை பிடிக்காது என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேன். பச்சைப் பொய். பள்ளிக்கூட நாட்களில் ஒரு இலந்தை வடைக்காகத் தோழியின் சடையைப் பிடித்து இழுத்தவள் நான். பழத்தின் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அது அவர் வீட்டு மரத்தில் காய்த்தது, அதுதான் பிடிக்கவில்லை.

வேலை மாற்றலில்தான் நாங்கள் கொல்லிமலைக்கு வந்தோம். வாழவந்தி நாட்டில், பஸ் ரோட்டிலிருந்து சற்று உள்ளே தள்ளி ஒரு வாடகை வீடு. கணவருக்கு வேலை நாமக்கல்லில். சனிக்கிழமை அத்தனை கொண்டை ஊசி வளைவும் ஏறி வருவார், திங்கள் காலை முதல் பஸ்ஸில் இறங்கிவிடுவார். மகள் அப்போது இரண்டாம் வகுப்பு. அவளுக்குப் பள்ளி நாலு மணிக்கு விடும், நான் ஆபீஸ் முடிந்து பஸ் பிடித்து வர ஆறேகால் ஆகும். நடுவில் அவளைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும்.

"நான் பாத்துக்கறனுங்க. பாப்பா பள்ளிக்கொடம் உட்டதும் நேரா இங்க வந்துரட்டும்" என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து சொன்னவர்தான் அக்கா. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். மிளகும் மரவள்ளியும் போடுகிற குடும்பம். அவருடைய பிள்ளைகள் வளர்ந்து கீழே வேலைக்குப் போய்விட்டார்கள். "பெரியம்மான்னு கூப்பிடு" என்று மகளுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான்.

அது எனக்கே வினையாக வந்தது. ஆறு மாதத்தில் நிலைமை எப்படி ஆனது என்றால், நான் வந்து குரல் கொடுத்தால், "சித்த இருங்கம்மா, வாரேன்" என்று அந்தப் பக்கத்திலிருந்துதான் மகளின் பதில் வரும். திருவாரூர்ப் பக்கத்தில் பிறந்த என் பிள்ளை, வீட்டை ஊடு என்றாள். நான் வைத்த ரசத்தை உறிஞ்சிவிட்டு, "பெரியம்மா ஊட்டு ரசம் வேற மாதிரி இருக்கும்" என்றாள். வேற மாதிரின்னா எப்படி என்று கேட்டேன். "நல்லா இருக்கும்" என்றாள். அதற்குப் பிறகு ஒரு வாரம் நான் ரசமே வைக்கவில்லை.

அக்கா மண்ணில் ஊன்றிய குச்சி எதுவும் சும்மா இருந்ததில்லை. என் கையில் கறிவேப்பிலைகூடப் பிழைக்கவில்லை. தண்ணீர் ஊற்றினால் அழுகும், ஊற்றாவிட்டால் காயும். வேலியின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே மண், ஒரே மழை. பிறகு குறை எங்கே என்று யோசித்தால் நான்தான் மிச்சம். அதனால் யோசிப்பதை விட்டுவிட்டேன்.

ஒரு ஆடி மாத ஞாயிற்றுக்கிழமை, செடி விற்கிற குட்டியானை வண்டி ஒலிபெருக்கியோடு எங்கள் தெருவுக்கு வந்தது. ஆப்பிள் இலந்தை, சீக்கிரம் காய்க்கும், ஆப்பிள் மாதிரியே கடித்துத் தின்னலாம் என்று ஒரே கூச்சல். அக்கா ஒன்று எடுத்தார். அவர் எடுத்த கையோடு நானும் ஒன்று எடுத்தேன். வண்டியில் இருந்ததிலேயே செழிப்பானதாகப் பார்த்து எடுத்தேன். என் தோட்டத்தில் பழம் இருந்தால் என் பிள்ளை என் தோட்டத்தில் இருப்பாள். அதற்காகத்தான் வாங்கினேன், வேறு எதற்காகவும் இல்லை.

இரண்டும் ஒட்டுச் செடி. அடித்தண்டில் ஒட்டுக் கட்டிய இடத்தில் பிளாஸ்டிக் நாடா சுற்றியிருந்தது. இரண்டையும் ஒரே நாளில் நட்டோம். இரண்டு மாதம் போனதும் என் செடி அக்காவின் செடியைவிட ஒரு முழம் உயரமாக நின்றது! எனக்குத் தலைகால் புரியவில்லை. தினமும் பஸ்ஸை விட்டு இறங்கியதும், தோளில் இருக்கும் பையைக்கூட இறக்காமல் நேரே செடியிடம் போவேன். வேலிக்கு மேல் எட்டி அவருடையதைப் பார்ப்பேன். திரும்பி என்னுடையதைப் பார்ப்பேன். காலையிலிருந்து உம்மென்று இருந்த முகத்தில் அப்போதுதான் சிரிப்பு வரும்.

அந்தச் சமயத்தில்தான் அக்கா சொன்னார். "ஏனுங்கம்மா, அந்த நாடாவுக்குக் கீழ இருந்து வர்ற தளிரு இருக்குதுங்களே, அதக் கிள்ளிப் போட்டுருங்க. அது இருக்கக் கூடாதுங்க."

என் செடியிலேயே கிடுகிடுவென்று வளர்ந்தது அந்தத் தளிர்தான். நான் நின்று நின்று ரசித்தது அதைத்தான். அதைப் போய்க் கிள்ளச் சொல்கிறாரே! அவருடைய செடி குட்டையாக நிற்கிறது, வயிறு எரிகிறது, கண் வைத்துவிட்டார் என்று முடிவு கட்டினேன். மறுநாளே கறுப்புக் கயிறும் ஒரு படிகாரத் துண்டும் வாங்கிவந்து, திருஷ்டி படாமலிருக்க அந்தத் தளிரில் கட்டினேன். அவர் பார்க்கும்போதே கட்டினேன். பார்க்க வேண்டும் என்றுதான் கட்டினேன். அவர் உள்ளே போனார், அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவில்லை. அந்தத் தெருவிலேயே பொறாமை பிடித்தவள் நான். அடுத்தவர் பொறாமைக்குப் பயந்து கயிறு கட்டியவளும் நானே.

பங்குனியில், நாடாவுக்கு மேலே இருந்த பழைய தண்டு காய்ந்துபோனது. கீழிருந்து வந்த தளிர் அதற்குள் மரமாகிக்கொண்டிருந்ததால் நான் கவலைப்படவில்லை. காய்ந்த தண்டை ஒடித்து வேலியோரம் வீசினேன்.

அடுத்த தையில் அக்காவின் மரம் காய்த்தது. ஒவ்வொன்றும் கோழிமுட்டை அளவு, பச்சையில் மஞ்சள் படர்ந்து மினுமினுத்தது. கிளை தாங்காமல் கவட்டைக் குச்சி கொடுத்திருந்தார். என் மரம் அதைவிட உயரம். ஆனால் உடம்பெல்லாம் முள், பொடிப்பொடி இலை, பெயருக்கு ஒரு காய் இல்லை. முதலில் உடம்பு, பிறகுதானே காய் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். முள் இருந்தால் ஆடு வாய் வைக்காது, நல்லதுதான் என்றும் சொல்லிக்கொண்டேன். மகள் பாவாடையில் பழத்தைக் கட்டிக்கொண்டு வந்து, "அம்மா, கடிச்சா தண்ணி எப்படி வருது பாருங்க" என்று ஒன்றை நீட்டினாள். எனக்கு இலந்தை பிடிக்காது என்று அன்றைக்குத்தான் முதன்முதலாகச் சொன்னேன். சனிக்கிழமை வந்த கணவர் நாலு பழம் தின்றுவிட்டு ஐந்தாவதுக்குக் கையை நீட்டினார். அந்த வாரம் அவரோடு அளவாகத்தான் பேசினேன்.

போன தையில் என் மரமும் காய்த்தது. சுண்டுவிரல் நுனி அளவுதான் காய். பெருக்கும் பெருக்கும் என்று காத்திருந்தேன், அது பெருக்காமலே பழுத்துச் சிவந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்றை வாயில் போட்டேன். தோலுக்கு அடுத்தது கொட்டை. நடுவில் இருந்த கொஞ்சமும் நாக்கைச் சுருட்டுகிற புளிப்பு. ரோட்டோரப் புதரில் கேட்பாரற்று உதிர்ந்து கிடக்குமே, அதே காட்டு இலந்தை.

என்றாலும் மகளைக் கூப்பிட்டு ஒன்றைக் கொடுத்தேன். இரண்டரை வருட ஆசை, விடவில்லை. வாயில் போட்டதும் ஒரு கண் தானாக மூடிக்கொண்டது. சமாளித்து விழுங்கிவிட்டு, "நல்லாத்தாம்மா இருக்குது" என்றாள். அவள் துப்பியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

வேலியோரம் போய் அக்காவிடம் பொரிந்து தள்ளினேன். வண்டிக்காரன் ஏமாற்றிவிட்டான், உங்களுக்கு நல்ல செடியும் எனக்குக் காட்டுச் செடியும் கொடுத்துவிட்டான் என்றேன். அவர் இந்தப் பக்கம் வந்து, மரத்தடியில் குனிந்து பார்த்தார்.

"ஏமாத்தலீங்க. ஒட்டுச் செடின்னா கீழ இருக்கறது காட்டு எலந்த வேருங்க. நாடாவுக்கு மேலதான் நல்ல மரம். கீழ இருந்து வர்றத உட்டமுன்னா, அது மேல இருக்கறதச் சாவடிச்சுப் போடும்."

நான் ஒடித்து வீசிய காய்ந்த தண்டு நினைவுக்கு வந்தது. கயிறு இன்னும் மரத்தில் இருந்தது. படிகாரம் மழையில் கரைந்துபோய், கயிறு மட்டும் பட்டைக்குள் புதைந்திருந்தது.

"தெரிஞ்சிருந்தும் ஏங்க்கா இன்னொரு தடவை சொல்லல?" என்றேன். தப்பு என்னுடையது என்று தெரிந்த பிறகும் அப்படித்தான் கேட்டேன்.

அக்கா அந்தக் கயிற்றைத் தொட்டுப் பார்த்தார். "நீங்க கயிறு கட்டுனப்பறம் எப்படிங்க சொல்றது? மேல இருந்தது வாடறதப் பாத்து மனசு கேக்காம, ஒருநா நீங்க ஆபீஸ் போனப்ப நானே அருவாளோட வந்தனுங்க. பாப்பாதான் கையப் புடிச்சுக்கிட்டா. 'வெட்டாதீங்க பெரியம்மா. எங்கம்மா பஸ்ஸுல இருந்து எறங்குனா மொதல்ல இதுகிட்டத்தான் வரும். இதப் பாத்துத்தான் சிரிக்கும். அப்பறந்தான் என்னையக் கூப்புடும்'னு சொல்லுச்சுங்க. நான் என்ன பண்றது? திரும்பிப் போயிட்டேன்."

அவர் குத்திக்காட்டவில்லை, நடந்ததைச் சொன்னார். உண்மையைச் சொல்வதானால், எனக்கு முதலில் வந்தது எரிச்சல்தான். எனக்குத் தெரியாமல் இவர்கள் இருவருக்கும் நடுவில் ஒரு ரகசியம் இருந்திருக்கிறதே என்று அதற்கும் வயிறு எரிந்தது. அது அடங்கிய பிறகுதான் மற்றது உறைத்தது. தினமும் ஆறேகாலுக்கு நான் இறங்கி வருவதை அவள் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்திருக்கிறாள். நான் அவளைக் கடந்து போய்ச் செடியிடம் நிற்பதையும் பார்த்திருக்கிறாள். கூப்பிட்டால் உடனே வரமாட்டேன் என்கிறாளே என்று இரண்டரை வருடம் நான் குமுறினேன். அவளைக் கூப்பிடுவதை நான்தான் தினமும் தள்ளிப்போட்டிருக்கிறேன்.

"மாசில இத இடுப்பளவுக்கு அறுத்துப் போடலாமுங்க. புதுத் தளிரு வந்ததும் என்ர மரத்து மொட்ட எடுத்து நானே ஒட்டித் தர்றேன். வேரு நல்ல வேருங்க" என்றார் அக்கா. என் மரத்தில் அவருடைய பழம் காய்க்கப் போகிறது. வேறு நாளாக இருந்தால் பல்லைக் கடித்திருப்பேன். சரிங்க்கா என்றேன்.

மறுநாள் மாலை பஸ்ஸை விட்டு இறங்கி, என் வீட்டு வாசலைத் தாண்டி, தோளில் பையோடு நேரே அக்கா வீட்டுக்குப் போனேன். மகள் அங்கே அக்காவோடு உட்கார்ந்து, கொடியிலிருந்து பறித்த மிளகை உதிர்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் பதறி எழுந்தாள்.

"என்னாச்சும்மா? மரத்தப் பாக்கலீங்களா?"

"மரம் எங்க போயிடப்போவுது? உன்னப் பாக்கத்தான் வந்தேன்" என்றேன்.

அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. வேறு எதற்காகவோ வந்திருக்கிறேன் என்பதுபோல என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பக்கத்து முறத்திலிருந்து ஒரு இலந்தைப் பழத்தை எடுத்து, பாவாடையில் துடைத்து நீட்டினாள். நீட்டிய கையைச் சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டு, "உங்களுக்குத்தான் பிடிக்காதே" என்றாள்.

அந்தக் கையைப் பிடித்துப் பழத்தை வாங்கிக் கடித்தேன். சாறு முழங்கை வரை வழிந்தது. இனிப்பு, அதற்கு அடியில் லேசாக ஒரு புளிப்பு. அக்கா வீட்டுப் பழம் நன்றாகத்தான் இருந்தது, என்ன செய்ய. மகளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, இன்னொன்று கொடு என்றேன்.