நகர்ந்துபோன சஹன்

ஏறாவூரில் வாவிப் பக்கமாக நிற்கும் அரசாங்க அடுக்குமாடியில், மேல்மாடியில் வாடகைக்கு இருப்பவர் ஹவ்வா உம்மா. குவைத்தில் பல வருடங்கள் பிறர் வீடுகளைத் துடைத்துவிட்டு வந்தவர். கணவர் மௌத்தான பிறகு, இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்து மகள் நஸ்ஹாவைப் படிப்பிக்கிறார்.

நான் அவரை முதலில் கண்டது வீடமைப்பு அலுவலகத்தில். என் குடும்பத்தில் பட்டம் பெற்ற முதல் ஆள் நான். அங்கே பட்டதாரிப் பயிலுநர். எதைப் பயில வேண்டும் என்று யாரும் சொல்லாததால் கதிரையில் இருக்கப் பயின்றுகொண்டிருந்தேன்.

மாடியின் அவசரப் படிக்கட்டுக் கதவு கள்வர் பயத்தில் பூட்டிக் கிடந்தது. சாவி எங்கள் அலுமாரியில்.

“மகன், நெருப்புப் புடிச்சா நான் ஓட்டோவில வந்து சாவிய வாங்கிட்டுப் போறதா, நீங்க கொண்டு வந்து தருவீங்களா?” என்று கேட்டார் ஹவ்வா உம்மா. “ஓட்டோக்காரனுக்கு இப்பவே செல்லி வைக்கத்தான் கேக்கிறன்.”

மறுநாள் பூட்டைக் கழற்றிவிட்டார்கள். வாடகை வீடுகளுக்கான பாதுகாப்புத் தரம் பற்றிய சுற்றறிக்கை என் தலைக்கு மேலேதான் தொங்கியது. அதை நான் முழுதாக வாசித்தவன். அந்தக் கேள்வி ஏன் எனக்குத் தோன்றவில்லை என்று அன்றிரவு யோசித்தேன்.

அடுத்து அவர் வந்தது மேல் கொங்கிறீற்றில் விழுந்த வெடிப்புக்காக. வீட்டில் இரண்டு அறைகள். ஒன்றில் இடியப்ப அடுப்பு. மற்றதில், அந்த வெடிப்புக்கு நேர் கீழே நஸ்ஹாவின் படுக்கை. அலுமாரியும் மேசையும் போக மிச்சமிருந்த இடம் அவ்வளவுதான். வெறும் பூச்சு உதிர்ந்தால் குடியிருப்பவர் திருத்த வேண்டும். கொங்கிறீற்றே பழுதென்றால் அலுவலகம் திருத்த வேண்டும். எது என்று சொல்ல வேண்டியவர் எங்கள் தொழில்நுட்ப உத்தியோகத்தர் நல்லரத்தினம் சேர்.

வெடிப்பைப் பார்க்க நாங்கள் போவதற்கு முதல்நாள் ஹவ்வா உம்மா எனக்குப் போன் எடுத்தார்.

“மகன், ஒங்கட சேர் மரக்கறியா?”

“வெள்ளிக்கிழமை மட்டுந்தான் மாமி. நாளைக்கு வியாழன். கோழியெண்டா நல்லா விருப்பம்.”

விருந்தோம்பல் என்றே நினைத்துவிட்டேன்.

நல்லரத்தினம் சேர் வாசலில் நின்று டோர்ச் அடித்துப் பார்த்தார். உள்ளே காலெடுத்து வைக்கவில்லை.

“பூச்சுத்தான் கழண்டிருக்கு. ஆபத்து ஒண்டும் இல்ல. ஒரு மேசனப் புடிச்சுப் பூசிடுங்க.”

நஸ்ஹா தாயின் முகத்தைப் பார்த்தாள். தாயின் முகத்தில் மலர்ச்சியைத் தவிர வேறொன்றும் இல்லை.

“அல்ஹம்துலில்லாஹ்! ஆபத்தில்ல எண்டு ஒங்கட வாயால கேட்டதே பெரிய நிம்மதி சேர். வந்த கையோட ஒரு வாய் தின்னிட்டுத்தான் போகணும்.”

படுக்கையைச் சுருட்டி, அந்த இடத்திலேயே பாய் விரித்து, நடுவில் சஹனைக் கொண்டுவந்து வைத்தார். பெரிய தட்டு நிறைய நெய்ச்சோறு, மேலே பொரித்த கோழி. சேரும், எங்கள் வேன் சாரதி உசனார் காக்காவும், நானும் சுற்றி அமர்ந்தோம். எல்லோரும் ஒரே தட்டில் கை வைத்துச் சாப்பிட வேண்டும். ஒருவர் தனியே எழும்பிப் போனால் மற்றவர்களுக்கு மரியாதை இல்லை.

முதல் பிடி வாய்க்குப் போகுமுன் சேர் மேலே பார்த்தார். இரண்டாவது பிடியில் சோற்றின் மேல் வெள்ளையாக ஏதோ விழுந்தது.

“தேங்காய்ப்பூவா?” என்றார் உசனார் காக்கா.

சேர் கொஞ்சம் பின்னுக்கு நகர்ந்தார். கை எட்டவில்லை. சஹனைத் தன் பக்கம் மெல்ல இழுத்தார். சஹன் போனால் நாங்களும் போக வேண்டும்தானே? நகர்ந்தோம். இன்னொரு துகள் விழுந்தது. மறுபடி இழுத்தார், மறுபடி நகர்ந்தோம்.

“சேர், சஹனுக்கு டயர் பூட்டட்டா?”

“காத்து வரல்ல உசனார், அதுக்குத்தான்.”

கோழி முடியும்போது சேரின் முதுகு வாசல் நிலையில் முட்டியது. சஹன் வாசலுக்கு வந்துவிட்டது. பாய் அறையின் நடுவில் தனியாகக் கிடந்தது.

ஹவ்வா உம்மா கை கழுவத் தண்ணீர் ஊற்றினார். குரலை உயர்த்தவே இல்லை.

“நீங்க முழிச்சிருந்ததால நகர்ந்துட்டீங்க சேர். என்ட புள்ள நித்திரையில எப்புடி நகர்ற?”

தண்ணீர் ஊற்றி முடிந்த பிறகும் சேர் கையை நீட்டியபடியே இருந்தார். பிறகு உசனார் காக்காவிடம், “வேனில இருக்கிற சுத்தியல எடுத்துட்டு வா,” என்றார். இம்முறை உள்ளே போனார். கதிரையில் ஏறி வெடிப்போரமாக ஒரு தட்டுத் தட்டினார். பூச்சோடு கொங்கிறீற்றும் பெயர்ந்து பாயில் விழுந்தது. மேலே கறள் பிடித்த கம்பி தெரிந்தது.

“ஆபத்துத்தான்,” என்றார். “திருத்தி முடியுமட்டும் புள்ளய இதுக்குள்ள படுக்க விடாதீங்க.”

மாரி தொடங்குமுன் வேலை முடிந்தது. கையெழுத்து வைக்கப் போன எங்களுக்கு அதே இடத்தில் மறுபடியும் பாய், மறுபடியும் சஹன். ஹவ்வா உம்மாவின் வீட்டில் பரிசோதனை இப்படித்தான் நடக்கும் என்று சேருக்கு விளங்கியிருக்க வேண்டும். மறு பேச்சில்லாமல் சம்மணம் போட்டு இருந்தார். ஒரு தடவைகூட மேலே பார்க்கவில்லை. கடைசிச் சோறு வரைக்கும் சஹன் அசையவில்லை.

நான் மட்டும் பழக்கதோஷத்தில் இரண்டு தடவை அண்ணாந்து பார்த்துவிட்டேன். ஹவ்வா உம்மா அதையும் கண்டுவிட்டார்.

“சேர் சோதினையில பாஸ்,” என்றார். “நீ இன்னும் பயிலுநர்தான் மகன்.”