சனிக்கிழமை அறிக்கைகள்

லிஃப்ட்டுகளைச் சோதித்துச் சான்று கொடுக்கும் கம்பெனி அது. மேனேஜர் லீவு போட்டால் ஆபீஸ் அதுபாட்டுக்கு நடக்கும். டெம்ப்ளேட் மேடம் லீவு போட்டால் அவ்வளவுதான், மத்தியானத்துக்குள் நாலு பேர் தலையைப் பிய்த்துக்கொண்டு நிற்பார்கள்.

"மேடம், ஒண்ணுக்கு அப்புறம் ரெண்டு வரணும்ல, ஏழு வருது."

"மேடம், நான் ஒரு வரிதான் அழிச்சேன். பக்கமே காணாம போச்சு."

அவள் எழுந்து போவாள். நாற்காலியில் இருப்பவரை எழுந்திருக்கச் சொல்ல மாட்டாள். தோளுக்கு மேலே எட்டி நாலு தட்டு தட்டுவாள், ஏழு ரெண்டாகிவிடும், காணாமல் போன பக்கம் வந்து உட்காரும். என்ன செய்தாள் என்று யாருக்கும் புரியாது. அப்படிப் புரியாமல் இருப்பது அவளுக்குப் பிடித்தும் இருந்தது.

அவள் வருவதற்கு முன்பு அந்த ஆபீஸ் அறிக்கைகள் இருந்த லட்சணத்தைச் சொல்லி மாளாது. இன்ஸ்பெக்டர்கள் ஆளுக்கொரு மாதிரி எழுதுவார்கள். ஒருவர் கயிற்றைப் பற்றி மட்டும் ரெண்டு பக்கம் எழுதிவிட்டு பிரேக்கை மறந்துவிடுவார். இன்னொருவர் எல்லாவற்றையும் கல்யாணப் பத்திரிகை எழுத்தில் அடிப்பார். முப்பது நாளே உள்ள மாதத்துக்கு முப்பத்தொன்றாம் தேதி போட்டு அனுப்பிய மகானுபாவரும் உண்டு.

அவள் எல்லோருக்கும் பொதுவாக ஒரே டெம்ப்ளேட் செய்தாள். மேலே கம்பெனி முத்திரை, கீழே கயிறு, பிரேக், கதவு, அபாய மணி என்று வரிசையாகக் கட்டங்கள். கட்டத்துக்குள் மட்டும்தான் எழுத முடியும், மற்றதெல்லாம் பூட்டு. அந்த முப்பத்தொன்றாம் தேதி மகானுபாவருக்குப் பயந்து தேதியையும் அவர்கள் கையில் விடவில்லை. புது அறிக்கை திறந்தால் அன்றைய தேதி தானாக வந்து நிற்கும். அவள் எதையும் சோதிக்காமல் விடுகிறவள் இல்லை. டெம்ப்ளேட்டைத் திறந்தாள், அன்றைய தேதி வந்தது. மறுநாள் திறந்தாள், மறுநாள் தேதி வந்தது. பரம திருப்தி. எழுதிச் சேமித்து வைத்த ஒரு பழைய அறிக்கையை மறுநாள் திறந்தால் என்ன ஆகும் என்று பார்க்க வேண்டும் என அவளுக்குத் தோன்றவே இல்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்க்கிறவர்களுக்கும் பார்க்காத மூலை ஒன்று இருக்கத்தானே செய்கிறது.

அதே கம்பெனியில் அவளுடைய தம்பியும் இன்ஸ்பெக்டர். வேலை வாங்கிக் கொடுத்ததே அவள்தான். ஆபீஸில் அவனுக்கு ரேடியோ என்று பெயர், ஏனென்றால் வாய் மூடாது. ஒரு கட்டடத்தில் யாரோ வளர்த்த கிளி லிஃப்ட்டுக்குப் பக்கத்தில் தொங்கிக்கொண்டு, லிஃப்ட் நிற்கும்போதெல்லாம் "நாலாவது மாடி" என்று கத்துமாம். ஜனங்கள் அதை நம்பி எல்லா மாடியிலும் இறங்கிவிட்டார்களாம். கிளிக்குச் சான்று கொடுக்க மாட்டேன் என்று இவன் எழுதி வைத்துவிட்டு வந்தானாம். ஆபீஸே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும்.

"புளுகாதடா," என்பாள் அவள், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"சத்தியமாக்கா. வேணும்னா கிளியக் கேளு."

வாய்தான் அப்படி. வேலையில் பழுது சொல்ல முடியாது. மெஷின் அறையில் கண்ணை மூடிக்கொண்டு நின்று, பிரேக் விடுகிற சத்தத்தை வைத்தே எது தேய்ந்திருக்கிறது என்று சொல்வான். ஒரே ஒரு சோம்பேறித்தனம், அச்சடிப்பது. அந்த ஆபீஸ் பிரின்டர் காகிதத்தைக் கடித்துத் துப்பும். தினம் அதோடு மல்லுக்கட்ட அவனுக்குப் பொறுமை கிடையாது. மற்றவர்கள் அன்றன்றைய அறிக்கையை அன்று சாயங்காலமே அடித்துக் கையெழுத்துப் போட்டு வைப்பார்கள். இவன் அன்றன்றைக்கு எழுதிச் சேமித்துவிட்டு, வாரம் முழுக்கச் சேர்த்துச் சனிக்கிழமை ஒரே மூச்சில் அடிப்பான்.

ஒருநாள், அவன் சோதித்துச் சான்று கொடுத்த லிஃப்ட் ஒன்று ரெண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டது. உள்ளே ஒரு கைக்குழந்தையும் அதன் அம்மாவும். யாருக்கும் அடிபடவில்லை, கதவைத் திறந்து இறக்கிவிட்டார்கள். ஆனால் கட்டடக்காரர் ஆபீஸுக்கே வந்து வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார். மேனேஜர் அலமாரியிலிருந்து அந்த அறிக்கையை எடுத்தார். சனிக்கிழமை தேதி. சந்தேகப்பட்டு அந்த வாரத்தில் ரேடியோ எழுதிய அறிக்கைகள் எல்லாவற்றையும் எடுத்தார். எல்லாமே அதே சனிக்கிழமை. ஊரின் அஞ்சு மூலையில் அஞ்சு கட்டடம், ஒரே நாள். இறக்கை கட்டிப் பறந்தாலும் நடக்காது.

"சார், நான் திங்கக்கிழமையே அந்தக் கட்டடத்துக்குப் போனேன், அன்னைக்கே எழுதியும் வச்சேன்," என்றான் தம்பி. "சனிக்கிழமை பிரின்ட்தான் எடுத்தேன்."

"அப்ப தேதி ஏன் சனிக்கிழமை இருக்கு?"

"நான் தேதியே போடறதில்ல சார். அது தானா வரும்."

"தானா வருமா? கிளி வந்து போட்டுச்சா?" மேனேஜர் கட்டடங்களுக்குப் போன் போட்டுக் கேட்டார். யாரோ வந்தார்கள், யாரோ போனார்கள், தேதியெல்லாம் யாருக்கு ஞாபகம் என்றார்கள் காவலாளிகள். கடைசியில் அவளைக் கூப்பிட்டார்.

"மேடம், இந்தத் தேதி எப்படி வருது?"

"எழுத ஆரம்பிக்கிற நாள் எதுவோ அதுதான் வரும் சார். அதுக்கப்புறம் யாராலயும் மாத்த முடியாது."

"உங்க டெம்ப்ளேட்ல ஏதாவது தப்பு இருக்க வாய்ப்பு உண்டா? யோசிச்சுச் சொல்லுங்க."

தம்பி அவள் முகத்தையே பார்த்தான். ஒரு வார்த்தை, "பாத்துட்டு சொல்றேன் சார்" என்று சொல்லியிருந்தால் போதும். ஆனால் அப்படிச் சொன்னால் தம்பிக்காக இழுக்கிறாள் என்று நினைப்பார்களே! அதோடு, அவளுடைய டெம்ப்ளேட்டில் தப்பா?

"இல்ல சார்," என்றாள்.

அன்று சாயங்காலம் ஆபீஸில் எல்லோரும் அவளை மெச்சினார்கள். கூடப் பிறந்தவன் என்றுகூடப் பார்க்காமல் உள்ளதைச் சொன்னாளே, இப்படி ஒரு மனுஷி உண்டா என்றார்கள். நெஞ்சு வலித்தது. அந்த வலிக்குள்ளேயே அந்தப் பாராட்டு இனித்ததையும் மறைப்பதற்கில்லை.

மேனேஜர் மோசமான ஆள் இல்லை. போகாமலே எழுதினேன் என்று ஒத்துக்கொண்டு எழுதிக் கொடுத்தால் வேலையை விட்டு அனுப்ப மாட்டேன், ஸ்டோரில் போடுகிறேன் என்றார். அவள் தினமும் தம்பி வீட்டுக்குப் போனாள்.

"ஒத்துக்கடா. ஸ்டோர்லயாவது இருக்கலாம்."

"நான் போனேன்க்கா."

"கிளிக் கதை சொல்றப்ப சிரிச்சோம். இது அப்படி இல்லடா. பேப்பர்ல இருக்கே!"

"போனேன்க்கா. ஏன் நம்ப மாட்டேங்கற?"

சில நாள் கழித்து அது "போயிருப்பேன்க்கா" ஆயிற்று. அப்புறம் "தெரியலக்கா." அதற்கப்புறம் ஒருநாள் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டான்.

ஸ்டோரில் சில மாதம் போல்ட்டும் நட்டும் எண்ணினான். யாரும் அவனை ரேடியோ என்று கூப்பிடவில்லை, கூப்பிட அவன் எதுவும் பேசவும் இல்லை. அப்புறம் தானாகவே விலகி, ஒரு டயர் கோடவுனில் சேர்ந்துவிட்டான்.

ரெண்டு வருஷம் போயிற்று. கம்பெனி முத்திரையை மாற்றினார்கள், டெம்ப்ளேட்டையும் மாற்ற வேண்டியதாயிற்று. புது முத்திரை கொஞ்சம் உயரம். அதை வைத்ததும் கடைசிக் கட்டம் அடுத்த பக்கத்துக்கு ஓடிவிட்டது. இடைவெளியைக் குறைத்தாள், எழுத்தைச் சின்னதாக்கினாள், அது அசையவில்லை. முன்பு எவ்வளவு இடம் விட்டிருந்தோம் என்று பார்க்கலாமே எனப் பழைய அறிக்கை ஒன்றைத் திறந்தாள். யாரோ ஒரு இன்ஸ்பெக்டருடையது, எப்போதோ எழுதியது.

மேலே இன்றைய தேதி இருந்தது.

தப்பாகத் திறந்துவிட்டோம் போலிருக்கிறது என்று மூடினாள். இன்னொன்றைத் திறந்தாள். இன்றைய தேதி. மூன்றாவது, இன்றைய தேதி. தேதியின் மேல் சொடுக்கினாள், எழுத்துக்குப் பின்னால் சாம்பல் நிறம் படர்ந்தது. கையால் அடித்த தேதியாக இருந்தால் அப்படிப் படராது. தேதி வைக்கும் ஜன்னலைத் திறந்து பார்த்தாள். கீழே ஒரு சின்னப் பெட்டி, தானாகப் புதுப்பி என்று. அதில் டிக் இருந்தது. அதாவது, எழுதிய நாளைக் காட்டும் தேதி இல்லை அது. என்றைக்குத் திறந்தாலும், என்றைக்கு அச்சடித்தாலும், அன்றைக்கு மாறிக்கொள்ளும் தேதி.

தம்பியின் பழைய ஃபைல்களைத் தேடினாள், அந்த வாரத்து அஞ்சும் இருந்தன. எல்லாவற்றிலும் மேலே இன்றைய தேதி. ஃபைல் உருவான நாளைத் தனியாகப் பார்த்தாள். திங்கள், செவ்வாய், புதன் என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு நாள் சாயங்காலம். ஒன்றுகூடச் சனிக்கிழமை இல்லை. பார்த்து முடிக்க அரை நிமிஷம்கூட ஆகவில்லை. அதுதான் அவளைக் கொன்றது.

மேனேஜரிடம் ஓடினாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அப்படியா... ஆனா மேடம், போகலன்னு அவரேதான எழுதிக் கொடுத்தாரு?"

உருவான நாட்களைக் குறித்திருந்த சீட்டை அவள் அவர் பக்கம் தள்ளினாள்.

"புதுசுல அந்தத் தேதியச் சரி பண்ணிடுங்க," என்றார் அவர்.

அன்று ஆபீஸ் விட்டதும் நேராகத் தம்பி வீட்டுக்குப் போனாள். மாடிப்படி முடிகிற இடத்தில் ரெண்டு அறை. அவன் கட்டிலில் உட்கார்ந்து சட்டைப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும், "வாக்கா" என்றான். பிறகு மனைவியைப் பார்த்து, "கீழ் கேட்டை நான் சாத்தினேனா?" என்று கேட்டான்.

"சாத்துனீங்க," என்றாள் தம்பியின் மனைவி. இப்போதெல்லாம் எதற்கும் அவளைத்தான் கேட்கிறான்.

அக்கா நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். பெட்டி, டிக், உருவான நாள், எல்லாம். "தப்பு என்னுதுடா. உன்னுது இல்ல. நீ போயிருக்க. திங்கக்கிழமைதான் போயிருக்க." சொல்லும்போதே குரல் உடைந்து அழுதுவிட்டாள்.

தம்பியின் மனைவிதான் முதலில் பேசினாள். "அரை நிமிஷ வேலைன்னு சொல்றீங்க. அன்னைக்கே பாத்திருக்கலாமே அண்ணி." கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

தம்பி ஊசியைத் துணியில் குத்தி வைத்தான். "ஃபைல் அன்னைக்கு எழுதியிருப்பேன்க்கா. ஆனா போகலையே."

"போனடா! எத்தன தடவ சொன்ன, போனேன் போனேன்னு!"

"இல்லக்கா. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. அன்னைக்குச் சரியான மழை. கட்டடத்துக்கு எதிர்ல ஒரு கடை. அதுல உக்காந்து டீ குடிச்சேன். மெஷின் ரூமுக்கு அத்தன மாடி ஏறணுமான்னு அலுப்பா இருந்துச்சு. அப்படியே திரும்பி வந்துட்டேன்."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த மழையும் அந்தக் கடையும் அந்த அலுப்பும் அவள் சொன்னவை. அன்றைக்கு அவனை ஒத்துக்கொள்ள வைக்க, இதே கட்டிலில் உட்கார்ந்து, 'மழையா இருந்திருக்கும், எதிர்ல டீக்கடைல உக்காந்துட்டுத் திரும்பியிருப்ப, அதுல என்னடா வெக்கம்' என்று அவளேதான் பக்குவமாகச் சொல்லிக் கொடுத்தாள். அந்தக் கட்டடத்துக்கு எதிரே கடை இருக்கிறதா என்பதுகூட அவளுக்குத் தெரியாது.

"அது நான் சொன்னதுடா," என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "நானா கட்டிச் சொன்னேன். மழையும் இல்ல, கடையும் இல்ல. நீ போன, கயித்தப் பாத்த, பிரேக்கப் பாத்த. யோசிச்சுப் பாருடா. யோசி."

அவன் யோசித்தான். உண்மையாகவே, நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, அவளுக்காக யோசித்தான். பிறகு தலையை ஆட்டிவிட்டு, அவள் கையை மெதுவாகத் தட்டிக் கொடுத்தான்.

"விடுக்கா," என்றான். "எனக்காக நீ பொய்யெல்லாம் சொல்ல வேணாம்."