சாரிதால் என்ற பெயர்

ஆற்றங்கரைக் கிராமமான சாரிதாலில் நாலாவது பெண்ணாகப் பிறந்தவள் உல்போசின். அலுத்துப்போன அப்பா, 'அடுத்ததாவது மகனாகட்டும்' என்ற பொருளில் அவளுக்கு அந்தப் பெயரை வைத்தார். அடுத்து வந்தவன்தான் தம்பி பெர்தெபாய்.

கணவன் போரில் மாண்டபின் நூக்குஸ் நகரத்து நில அளவை அலுவலகத்தில் நிலப்படம் வரையச் சேர்ந்தாள். அமு தாரியா ஆற்றின் கழிமுகப் படத் தாள்கள் அவள் மேஜைக்குத்தான் வரும். அந்த ஆறு ஓரிடத்தில் கிடக்காது. வரைந்து முடித்த கரையை அடுத்த வெள்ளம் தின்றுவிடும். நீலக் கோட்டைப் பிளேடால் சுரண்டிவிட்டு, கொஞ்சம் தள்ளிப் புதிதாக வரைய வேண்டும். சாயங்காலம் கண்ணை மூடினாலும் நீலக் கோடுகளே நெளியும்.

ஐம்பத்து நாலாம் ஆண்டுக் கோடையில் காய்ந்த மீன் பொட்டலத்தோடு பெர்தெபாய் வந்தான். டீயைக் குடித்துவிட்டு, "அக்கா, நம்ம ஊரு போயிருச்சு" என்றான்.

சாரிதாலின் கரை இடிந்துகொண்டே வந்ததாம். கூரை மரங்களைக் கழற்றி வண்டியில் ஏற்றத்தான் நேரமிருந்ததாம். அம்மாவின் சமாதியும் போனதைக் கடைசியாகச் சொன்னான். அவள் அழவில்லை. மீனைத் துண்டு போட்டாள்.

ஊர்க்காரர்கள் குடியேறிய புது இடத்துக்கும் பழைய பெயரையே படத்தில் எழுதச் சொன்னான் தம்பி.

"நான் வரையுறவடா. பேரு வைக்கிறவ இல்ல."

"உன் கையாலதானே எழுதுற?"

விமானத்திலிருந்து எடுத்த புதுப் படங்கள் வந்தன. ஊர் இருந்த இடத்தில் தண்ணீர். விஷயம் தெரிந்த மேலாளர் கிளாவ்தியா செம்யோனோவ்னா, தாளை வேறொருத்தியிடம் கொடுப்பதாகச் சொன்னாள்.

"வேணாம்மா. நானே அழிச்சிர்றேன்."

ஊர்ப் பெயரை ஒவ்வொரு எழுத்தாகச் சுரண்டி எடுத்தாள். புது இடத்துக்கு அதே பெயரைப் போடலாமா என்றும் கேட்டுப் பார்த்தாள். கிளாவ்தியா மேலிடம் வரை போய்ப் பேசினாள். கூட்டுப்பண்ணையின் மூன்றாம் பிரிவு என்றுதான் போட வேண்டும் என்று பதில் வந்தது. உல்போசின் அப்படியே எழுதினாள்.

அதை அறிந்த தம்பி வெகுகாலம் அந்தப் பக்கமே வரவில்லை. மகள் கல்யாணத்துக்குத்தான் அழைக்க வந்தான். "மூணாம் பிரிவுன்னு அங்க எவனும் சொல்றதில்ல. சாரிதால்தான்" என்றான், இன்னும் சூடு ஆறாமல்.

"நல்லது" என்றாள் அவள்.

கல்யாணத்தில் பழைய ஊர்ப் பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டு, அலுவலகத்தில் இன்னும் வேலை தீரவில்லையா என்று கேட்டார்கள். ஆறு நின்றால்தானே தீரும் என்றாள். பாட்டுக்காரர் துதார் என்ற இரட்டைத் தந்தி வாத்தியத்தை மீட்டத் தொடங்கியபோது அவள் கம்பளத்தின் ஓரத்தில் சாய்ந்து தூங்கிப்போயிருந்தாள். பெர்தெபாய் தன் மேலங்கியை எடுத்து அவள்மேல் போர்த்தினான்.