எலி சைஸ் மண்டையோடும் என் விசாவும்

மியூசியத்தில் வேலை என்றால் எல்லாரும் டைனோசரை நினைக்கிறார்கள். எனக்கு வாய்த்ததோ இழுப்பறை. அடுத்தவர் பொருளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளச் சம்பளம் வாங்கும் பாவப்பட்ட ஜென்மங்களே, நான் சொல்வது உங்களுக்காவது புரியும்.

எலிக்குக் காவல்

பிழைக்க வந்த இந்த வெளிநாட்டில் நாங்கள் போகும் பிரிட்ஜ்வாட்டர் கோயில் கேன்டீனில் புளியோதரையோடு உட்கார்ந்திருந்த ஆன்ட்டி ஒருவர், என்னம்மா வேலை என்று கேட்டார். நானும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் விளக்கினேன். ஆஸ்திரேலியாவில் எலி சைஸில் ஒரு மிருகம், கங்காரு மாதிரி பையில் குட்டி வளர்க்கும். அதற்கு முதன்முதலில் பெயர் வைத்தபோது எந்த உடலைப் பார்த்து வைத்தார்களோ, அதற்கு ‘டைப்’ என்று பெயர். உலகத்துக்கே ஒன்றுதான். அது எங்கள் மியூசியத்தில் இருக்கிறது. தோலைப் பூச்சி எப்பவோ தின்றுவிட்டது, மிஞ்சிய மண்டையோட்டை நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஆன்ட்டி பொறுமையாகத்தான் கேட்டார். கடைசியில் என் தட்டில் இன்னொரு கரண்டி புளியோதரையை வைத்தார்.

“பிஎச்டி முடிச்சுட்டு எலிக்குக் காவலா இருக்கியா, கண்ணு?”

ஒரு மேஜை, ஒரு மிருகம்

எங்கள் அறையில் ஒரே சட்டம்தான். மேனேஜர் ஹெலன் முதல் நாளே சொல்லிவிட்டார்: மேஜைமேல் ஒரு சமயத்தில் ஒரு மிருகம்தான் திறந்திருக்க வேண்டும். சுண்டுவிரல் நீள மண்டையோட்டில் நம்பர் எழுத இடம் கிடையாது. ஒவ்வொன்றும் தனித்தனிக் கண்ணாடிக் குப்பியில் இருக்கும்; கூடவே போட்டிருக்கும் துண்டுச் சீட்டுதான் அது எது என்பதற்கு ஆதாரம்.

அந்த டைப்பைப் பார்க்க ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு புரொபசர் வருவதாக இருந்தது. வடக்கே ஒரு ஊரிலும் தெற்கே ஒரு ஊரிலும் பிடித்தவை ஒரே இனமா, ரெண்டு இனமா என்று அவர் தீர்ப்பு எழுத வேண்டும். ரெண்டு என்றால் பழைய பெயர் யாருக்கு என்பதை டைப்தான் சொல்லும். அவர் வருவதற்குள் பழைய குப்பிகளை மாற்றிவிடலாம் என்று, அவசரத்தில், டைப்பையும் பக்கத்துக் குப்பியையும் சேர்த்துத் திறந்தேன். ரெண்டு மண்டையோடும் பஞ்சின்மேல், ரெண்டு சீட்டும் ஓரத்தில். சரியாக அப்போது டேகேரிலிருந்து போன். பாப்பாவுக்கு ஜுரம், உடனே வாருங்கள் என்றார்கள். அப்படியே துணியைப் போட்டு மூடிவிட்டு ஓடினேன்.

மறுநாள் துணியை எடுத்தால், பஞ்சு நகர்ந்து ரெண்டும் ஒரே பக்கம் கிடக்கின்றன. எது எது என்று தெரியவில்லை. பார்க்கிங்கில் காருக்குள் உட்கார்ந்து அழுதேன். இந்த வேலையில்தான் என் விசா தொங்குகிறது, என் விசாவில் இவரும் பாப்பாவும். வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்காமலே பதில் வந்தது.

“ரெண்டும் எலி மண்டைதானே, ஏதாவது ஒண்ணைப் போட்டு க்ளோஸ் பண்ணு.”

புரொபசர் வந்தார்

போட்டிருக்கலாம். சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு மண்டையோட்டைக் கையில் எடுத்துக் குப்பி வாய்வரை கொண்டுபோனேன். மனசு வரவில்லை. ஹெலனிடம் சொன்னேன், புரொபசர் கோட்டைக் கழற்றுவதற்குள் அவரிடமும் சொன்னேன். மனுஷன் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. லென்ஸை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

பெயர் வைத்தவர் அன்றைக்கு வரைந்த படத்தின் நகல் அவரிடம் இருந்தது. எங்கள் லைப்ரரியில் அது இல்லை. படத்தில் இடது கோரைப்பல் பாதி உடைந்திருந்தது. முதல் மண்டையோட்டைப் பார்த்தார், பல் முழுசாக இருந்தது. எனக்கு உயிர் வந்தது, அப்படியானால் மற்றது. மற்றதைப் பார்த்தார். அதிலும் பல் முழுசாக இருந்தது. அரைமணி நேரம் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு லென்ஸைக் கீழே வைத்தார்.

“இது ரெண்டுமே டைப் இல்லை. உங்களுக்கு ரொம்ப முன்னாலேயே யாரோ ஏதோ ஒன்றைப் போட்டு மூடிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறார்கள்.”

பதிவேடு

அசல் போனது போனதுதான். அறை முழுக்க ஒரு வாரம் தேடினோம், கிடைக்கவில்லை. அந்தச் சின்ன மிருகத்தின் பெயர் இப்போது ஆதாரமில்லாமல் நிற்கிறது. அதற்காகவும் அழுதேன், எனக்காகவும் அழுதேன். தொலைத்தது நான் இல்லையே என்று ஹெலனிடம் கெஞ்சினேன். இல்லைதான் என்று ஒத்துக்கொண்டார். ஆனால் சட்டத்தை மீறி ரெண்டைத் திறந்தது நான்தானே என்றார். என் கான்ட்ராக்ட் மே மாதத்தோடு முடிகிறது. புதுப்பிப்பது பற்றிப் பேச்சையே எடுக்கவில்லை. பதிவேட்டைத் திறந்து, கையெழுத்துப் போடச் சொல்லிப் பேனாவை என் பக்கம் தள்ளினார்.

“நீ சொல்லாமல் இருந்திருந்தால் உன்மேல் நான் ஃபைல் திறந்திருக்கவே வேண்டாம்.”

யார் தொலைத்தார்களோ அவர்கள் பெயர் எங்கேயும் இல்லை; ‘டைப் காணவில்லை’ என்ற வரிக்கு எதிரே அழியாத மையில் இருப்பது, அது காணாமல் போனதைக் கண்டுபிடித்துக் கொடுத்த என் பெயர் மட்டும்தான்.