துடைத்து வைத்த விமானம்

எழுத உனக்கு என்ன யோக்கியதை என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாயைத் திறக்கக் கூச்சப்படுகிறவன். பேச வேண்டிய இடத்தில் ஒருமுறை பேசாமல் நின்றேன்; அதனால்தான் இந்த வயதில் பேனாவை எடுத்திருக்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் பாங்கில் டோக்கனோடு காத்திருந்தபோது மேசைமேல் ஏதோ ஒரு விழா மலர் கிடந்தது. புரட்டினேன். முழுப் பக்கத்துக்கு ஒரு படம். நீண்ட ஓடுதளம், ஓரத்தில் பளபளவென்று ஒரு சண்டை விமானம். 'போருக்குப் பின்னும் செம்மையாகப் பராமரிக்கப்பட்ட விமானத் திடல்' என்று கீழே போட்டிருந்தார்கள். அதை எடுத்தவன் நான். பார்த்த மாத்திரத்தில் மூக்கில் மண்ணெண்ணெய் வாடை அடித்தது. செம்மையாம்! மலரைக் கசக்கிய கசக்கில் பக்கத்திலிருந்தவர் தள்ளி உட்கார்ந்தார்.

ஐம்பதுகளின் கடைசியில் கோயமுத்தூரில் ஒரு ஸ்டுடியோவில் வேலை பார்த்தேன். ஊட்டி ஏரி வரைந்த திரை, ஒரு பக்கம் மட்டும் வெள்ளையடித்த தூண், சீப்பு, பவுடர் டப்பா. பவுடர் போடாமல் யாரையும் எடுத்ததில்லை. மாறுகண் மாப்பிள்ளை வந்தால் ஒருக்களித்து உட்கார வைப்போம். "படத்துல அழுக்கு தெரிஞ்சா அவனுக்கில்லீடா, நமக்குத்தான் கெட்ட பேரு" என்பார் முதலாளி. அது எனக்கு ரத்தத்தில் ஊறிவிட்டது.

அங்கேதான் ராமாத்தாளக்கா வந்தார். புருஷனை இழந்தவர். உலகச் சண்டைக் காலத்தில் அவர்கள் பூமியைக் கிணற்றோடு வெள்ளைக்காரன் விமானத் திடலுக்கு எடுத்துக்கொண்டான். சண்டை முடிந்ததும் திருப்பித் தருவதாகப் பேச்சு. சண்டையும் முடிந்தது, வெள்ளைக்காரனும் போனான், பூமி மட்டும் வரவில்லை. திடல் சும்மாதான் கிடக்கிறது என்று மனு போட்டிருந்தார். மனுவோடு காட்ட ஒரு படம் வேண்டும்.

கேமராவும் அதை நிறுத்தும் முக்காலியும் தலையில் போர்த்திக்கொள்ளும் கறுப்புத் துணியுமாகப் பஸ் ஏறினேன். கண்டக்டர் சும்மா விடவில்லை. "ஏனுங்க, எழவு ஊட்டுக்குங்களா?" பஸ்ஸே சிரித்தது. எனக்குக் காது சுட்டது.

திடல் உண்மையிலேயே சும்மாதான் கிடந்தது. ஓடுதளம் நெடுக அக்காவின் சோளம் காய்ந்துகொண்டிருந்தது. எஞ்சினைக் கழற்றிவிட்டு வெள்ளைக்காரன் போட்டுவிட்டுப் போன விமானத்தின் வயிற்றில் சோளத்தட்டு. இறக்கைக்குக் கீழே ஆடுகள். ஓட்டுகிறவன் உட்காரும் இடத்தில் ஒரு கோழி அடைகாத்தது.

"பைலட்டு இன்னும் எறங்கலீங்க தம்பி" என்றார் அக்கா.

அப்படியே எடுத்திருந்தால் போதும். எடுக்கவில்லையே! அழுக்கைக் கண்டதும் என் கை அரித்தது.

"ஏனுங்கக்கா, இதையெல்லாம் கொஞ்சம் ஒதுக்கிப்போடலாங்களா?"

"ஆமாங்க கண்ணு, ஆபீசர் பாக்கறதல்லங்க? நம்ம ஊடு குப்பையாக் கெடந்தா என்ன நெனைப்பாரு?"

விருந்தாளி வருகிற வீட்டைப் போலப் பெருக்கினோம். சோளத்தை வாரினோம், ஆட்டை விரட்டினோம், கோழியை முட்டையோடு கூடைக்கு மாற்றினோம். மண்ணெண்ணெய்த் துணியால் விமானத்தைத் தேய்தேய் என்று தேய்த்தேன். காற்றில்லாத சக்கரத்துக்குக் கல்லை முட்டுக் கொடுத்தேன். மூக்கிலிருந்த எஞ்சின் ஓட்டை தெரியாதபடி, மாறுகண் மாப்பிள்ளையைப் போலவே, பின்பக்கச் சாய்வில் எடுத்தேன். என் வாழ்நாளில் அதைவிட நல்ல படம் எடுத்ததில்லை.

விசாரணைக்கு அக்கா என்னையும் கூட்டிப்போனார். ஆபீசர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"யார் எடுத்தது?"

"நானுங்க."

"பிரமாதமா இருக்கு."

ஒரு நொடி எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்த ஒரு நொடிக்காக என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம்.

அவர் அக்காவிடம் திரும்பினார். "திடல் சும்மா கிடக்குன்னு எழுதியிருக்கீங்க. விமானம் பறக்கத் தயாரா நிக்குதே? ஒரு குப்பை கூட இல்லையேம்மா!"

"அய்யோ சாமி, அது நாங்க கூட்டினதுங்க!"

"அரசாங்கத் திடலை நீங்க ஏம்மா கூட்டணும்?"

குமாஸ்தாக்கள் சிரித்தார்கள். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அந்த ஆளுக்குத் தெரியாதா? இரண்டு முறை பார்வையிட வந்து, அக்காவின் சோளத்தின்மேலேயே ஜீப்பை ஏற்றிக்கொண்டு போனவர்தானே! தெரிந்துதான் கேட்டார். படித்த மனுஷன், எங்கள் சுத்தத்தையே எடுத்து எங்கள்மேல் வீசினார்.

அக்கா என்னைப் பார்த்தார். "சொல்லுங்க தம்பி, நீங்கதானுங்களே தொடச்சீங்க?"

எஞ்சின் இல்லை, சக்கரத்தில் காற்றில்லை, நான்தான் மறைத்தேன் என்று மூன்று வாக்கியம் சொல்லியிருக்கலாம். தரையைப் பார்த்தபடி நின்றேன். படத்தை ஆபீசர் கோப்பில் வைத்துக்கொண்டார். மனு தள்ளுபடி.

இப்போது அந்த விமானம் இல்லை. காயலான் கடைக்காரர்கள் துண்டு துண்டாக வெட்டி எடுத்துப்போனார்கள். அக்காவின் கிணறு இல்லை. மண்ணைக் கொட்டி மூடிவிட்டார்கள். ஸ்டுடியோ இருந்த இடத்தில் ஜவுளிக்கடை. அக்கா வால்பாறைக்குத் தேயிலை பறிக்கப் போனதாகச் சொன்னார்கள். அதற்குமேல் விசாரிக்க எனக்கு முகமில்லை.

அன்றைக்கு விசாரணை முடிந்து வந்த பஸ்ஸில் அக்கா முன்சீட்டில் உட்கார்ந்திருந்தார். திரும்பியே பார்க்கவில்லை.

மறுநாள் காலை திடலுக்கு இரண்டு அரசாங்க லாரியில் கல்தூணும் முள்கம்பியும் வந்து இறங்கின. சாயங்காலத்துக்குள் வேலி போட்டு முடித்தார்கள்.