மடிக் களிம்பு பூசிய முகம்

"வெர்னாவுக்கு மாட்டம்மையாம். மூஞ்சியெல்லாம் வெள்ளைக் கொப்புளமாம். பால் வண்டிக்காரர் பார்த்தாராம், என் தங்கச்சி சொன்னா." தபால் நிலையத்தில் வரிசையில் நின்ற ஜோன் இதைச் சொன்னபோது என் கையிலிருந்த கடிதங்கள் நழுவின. அன்று காலைகூட வெர்னாவின் வெண்ணெயை ரொட்டியில் தடவித் தின்றிருந்தேன்.

வெர்னா திபோ எனக்குப் பக்கத்துப் பண்ணைக்காரி. கணவர் ஆர்மன் இறந்த பிறகும் வெர்மான்ட்டின் இந்த மலைச்சரிவில் தன் பசுக்களோடு தனியாகவே இருந்தார். ஆற்றுக்கு அக்கரையில் விடுதி நடத்தும் ஹோலிஸ் வாரந்தோறும் வாங்கும் வெண்ணெய்க்குக் கொடுக்கும் காசுதான் வெர்னாவுக்குச் சோறு.

ஓடினேன். கதவைத் திறந்தவரின் நெற்றியிலும் கன்னத்திலும் ரவையைத் தூவியதுபோல வெள்ளைப் பொட்டுகள்.

"என்னடி, பேயைப் பார்த்த மாதிரி நிக்குற?"

"உங்களுக்கு மாட்டம்மைன்னு ஊரே பேசுது. வெர்னா, கிளம்புங்க. டாக்டர்கிட்ட போகலாம்."

"பருவுக்கா? எனக்கென்ன பதினாறு வயசா?"

வழியெல்லாம் முணுமுணுத்தபடிதான் வந்தார். டாக்டர் விளக்கைப் பிடித்துப் பார்த்தார்.

"மூஞ்சில என்ன பூசுறீங்க?"

"மடிக் களிம்பு. இந்த வருஷம் காத்து தோலை உரிக்குது. காலைல கொட்டகைக்குப் போறப்ப நல்லா அப்பிக்குவேன். ராத்திரிதான் கழுவுறது."

"அது பசுவோட மடிக்கு, வெர்னா."

"பசுங்க ஒண்ணும் குறை சொல்லலையே டாக்டர்."

டாக்டர் சிரித்துவிட்டார். தோலின் துவாரங்கள் அடைபட்டதால் வந்த பொட்டுகள்தானாம். அம்மையும் இல்லை, தொற்றும் இல்லை. களிம்பை நிறுத்தினால் போதுமாம். எனக்கு மூச்சு வந்தது.

திரும்பி வந்தபோது வாசலில் ஹோலிஸின் மரப்பெட்டி. அவர் நேற்று வாங்கிப்போன வெண்ணெய் முழுவதும், உறைகூடப் பிரிக்காமல். மேலே ஒரு துண்டுச் சீட்டு: 'இனி வேண்டாம்.'

வெர்னா பனியிலேயே நின்றார். "ஆர்மன் சவப்பெட்டியைத் தூக்கினவன்டி இவன். எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கக்கூடாதா?"

"அம்மை இல்லைன்னு தெரியாம செஞ்சிருப்பார். சொல்லிடுங்க."

கோட்டைக்கூடக் கழற்றாமல் அடுப்படியில் நின்று தொலைபேசியில் ஹோலிஸின் எண்ணைச் சுழற்றினார். ஜன்னல் வழியே அக்கரை விடுதி தெரிந்தது. முற்றத்தில் ஹோலிஸின் வண்டி நின்றது. புகைபோக்கியில் புகை. சமையலறை விளக்கும் எரிந்தது.

"வீட்லதான் இருக்கான்," என்றார் வெர்னா.

மறுமுனையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது.